அரங்கு வீட்டுக் கிட்டார்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுப் போனவை. ஐந்தும் இன்று தம் காலில் நிற்கின்றன. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. படிப்பு மட்டும் மூன்றாம் வகுப்போடு நின்றுபோயிற்று. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த காப்பி ஆறிவிடும். ஆகவே நீங்களும் அவசரப்படாமல் கூட வாருங்கள்.

இதை எழுத ஆரம்பித்த அன்று காலையில் எங்கள் வீட்டுப் பின்கதவு திறக்கவில்லை. தென்காசியில் ஆனி பிறந்து, மேற்கே மலை கண்ணுக்குத் தெரியாமல் போய், பூ மாதிரி சாரல் இறங்க ஆரம்பித்துவிட்டால் கதவெல்லாம் தண்ணீர் குடித்து உப்பிக்கொள்ளும். தோளைக் கொடுத்து முட்டிப் பார்த்தேன். அசையவில்லை. உள்ளே நான், வெளியே துவைகல்லில் முந்தின நாளிலிருந்து ஊறுகிற துணி. யாரையும் கூப்பிட்டு உதவி கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பின மரத்துக்கு ஒரு வாசனை உண்டு, ஊறப்போட்ட உளுந்து மாதிரி. அந்த வாசனையில் பவித்ரா ஞாபகம் வந்துவிட்டது. "இந்தக் கதவும் என் கிட்டாரும் ஒரே சாதி அத்தை. ரெண்டுக்கும் சாரல் ஆகாது" என்று இதே இடத்தில் நின்று சொன்னாள்.

பவித்ரா என் கடைசி மருமகள். தூத்துக்குடிப் பெண். என் இளைய மகன் செல்வம் குவைத்தில் ஏசி மெக்கானிக். கல்யாணம் முடிந்ததும் லீவும் முடிந்து அவன் விமானம் ஏறிவிட்டான். விசா வந்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்றான். விசா வருவதாகவே இருந்தது. அவள் எங்கள் வீட்டில் இருந்தாள்.

சீர்ச் சாமான் இறங்கிய அன்று பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் கறுப்பாக, நீளமாக ஒரு பை. தெருப் பெண்கள் சுற்றி நின்றார்கள். "இதுக்குள்ள என்னட்டி, துப்பாக்கியா?" என்றாள் ஒருத்தி. "மருமவ போலீஸ்காரின்னு சொல்லவே இல்லையே" என்றாள் இன்னொருத்தி. பவித்ரா சிரித்துக்கொண்டே பையைத் திறந்தாள். பொரித்த நண்டு மாதிரி செக்கச்செவேலென்று உள்ளே கிட்டார். காலேஜில் படித்தபோது பாட்டுக் குழுவில் வாசித்தாளாம். கரண்டில் போட்டு வாசிக்கிற வகை என்றாள். எனக்கு மிக்ஸிதான் ஞாபகம் வந்தது.

இந்த இடத்தில் என் கணவரின் அண்ணனைச் சொல்லியாக வேண்டும். வீடு அவர் பேரில். மாடியில் இருந்தார். என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். தம்பி மனைவியிடம் நேருக்கு நேர் பேசுவது எங்களில் வழக்கம் இல்லை. நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வார். நான் என் கையில் எது இருக்கிறதோ அதைப் பார்த்துப் பதில் சொல்வேன். செம்பு இருந்தால் செம்பு, முருங்கைக்கீரை இருந்தால் கீரை. இப்படியே இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறோம். வெளியாட்கள் பார்த்தால் இரண்டு பேருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பார்கள்.

அன்று அவர் கடிகாரத்தைப் பார்த்து, "இந்த வீட்டுல மேளம், தாளம், சத்தம் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு" என்றார். புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண் வாசல் தாண்டக் கூடாது என்பது அதற்கு முன்பே உள்ள சட்டம். நான் செம்பிடம், "சரி" என்றேன்.

பவித்ரா வருத்தப்படவில்லை. "கரண்டு குடுக்காட்டா இதுல சத்தமே வராது அத்தை" என்று ஒரு சின்ன பேட்டரிப் பெட்டியிலிருந்து காதுக்குள் ஒயரை மாட்டிக்கொண்டு வாசித்தாள். ஆமாம், எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கம்பியை உரசுகிற சத்தம் மட்டும், சில்லான் என்கிற குட்டி ஓணான் சுவரில் ஓடுகிற மாதிரி. அவள் தலை ஆடும். கண் சொருகும். என்ன பாட்டு என்று அவளுக்குத்தான் தெரியும்.

பங்குனி வெயிலில்தான் அது ஒரு சவலைப் பிள்ளை என்று தெரிந்தது. காய்ச்சலில் மரம் சுருங்கி, கழுத்துப் பகுதியில் குறுக்கே பதித்த வெள்ளிக் கம்பிகளின் நுனி இரண்டு பக்கமும் மீன் முள் மாதிரி நீட்டிக்கொண்டது. விரலை இழுத்தால் கீறிவிடும். மேலே ஓடுகிற நரம்புக் கம்பியோ தாழ்ந்துபோய், தொட்டால் கருவண்டு மாதிரி இரையும். சின்ன அரத்தால் முள்ளையெல்லாம் ராவினாள். கிட்டாரின் தலைமாட்டில் ஒரு துவாரம் இருக்கிறது. அதில் எல் எழுத்து மாதிரி வளைந்த சாவியை விட்டு, உள்ளே ஓடுகிற இரும்பைக் கொஞ்சம் தளர்த்தினாள். "இது அதோட முதுகெலும்பு. நிறைய திருகினா முறிஞ்சிரும். அப்புறம் விறகுதான்" என்றாள்.

பிறகு சாரல் வந்தது. இப்போது எல்லாம் தலைகீழ். மரம் ஈரம் குடித்து வில் மாதிரி முன்னால் வளைந்தது. கம்பி மரத்தைவிட்டு மேலே ஏறிக்கொண்டது. அமுக்கி அமுக்கி அவள் விரல் நுனி கன்றிப்போயிற்று. புதுக் கம்பி போட்ட சூட்டோடு துருப் பிடித்தது. கழுத்து மரம் கையில் ஒட்டுகிறது என்று துணியால் துடைத்துக்கொண்டே இருப்பாள். சத்தம் கூட்டுகிற குமிழைத் தொட்டால் காதுக்குள் கரகரவென்று மண்ணை அரைக்கிறதாம். தளர்த்திய இரும்பைச் சாவியால் திரும்ப முடுக்கினாள். அடுத்த நாள் கொஞ்சம் வெயில் காட்டும். உடனே அது வேறு மாதிரி நிற்கும். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. உலகத்துச் சனமெல்லாம் எங்கள் தெரு வழியாகத்தான் பஸ்ஸில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறது. கைக்கெட்டுகிற தூரத்தில் அருவி. இவள் மேற்கு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைப் பார்ப்பாள். பிறகு சாரல் உள்ளே அடிக்கிறது என்று அந்தச் சன்னலையும் சாத்தினோம்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் நடுவில் சன்னலே இல்லாத அறை ஒன்று இருக்கும். அரங்கு வீடு என்போம். நெல், புளி, கருப்பட்டி, வடகம், பட்டுத் துணி என்று சாரல் படக்கூடாத எதுவும் அதற்குள்தான் போகும். எங்கள் அரங்கு வீட்டுக்கு ஒரு பக்கச் சுவர் அடுப்படிச் சுவர். அதனால் மழைக்காலத்திலும் உள்ளே வெதுவெதுப்பாக, காய்ந்து கிடக்கும். நான் பெரியவளானபோது கடையத்தில் என் அம்மா வீட்டு அரங்கில்தான் என்னை உட்கார்த்தி வைத்தார்கள். கருப்பட்டி வாசனையோடு பாச்சா உருண்டை வாசனையும் கலந்து வரும். வெளியே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் ரொம்பத் தூரத்தில் கேட்கும். இன்றைக்கும் பாச்சா உருண்டை வாசனை பட்டால் எனக்கு மூச்சு முட்டும்.

ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே. கிட்டாரைக் கொண்டுபோய் நெல் மூட்டைக்கு மேல் வைத்தோம். சில நாளில் மரம் நிதானத்துக்கு வந்துவிட்டது. பவித்ரா சாவியால் அளவாகத் திருகிச் சரிசெய்தாள். கம்பி வெண்ணெய் மாதிரி அமுங்குகிறது என்று துள்ளினாள். வெளியே எடுத்தால் கெட்டுவிடும் என்று அங்கேயே உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். மத்தியானம் சாப்பாடு ஆனதும் உள்ளே போவாள். கதவைச் சாத்திக்கொள்வாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவாள். பிறகு காலையிலேயே போனாள். பிறகு சாப்பாட்டையும் உள்ளேயே கொடுக்கச் சொன்னாள்.

கிட்டார் தேறியது. பெண் வெளுத்துப் போனாள். கேட்டால் தலையை ஆட்டுவாள், பேச மாட்டாள். செல்வம் போனில் கூப்பிட்டால், "நல்லா இருக்கேன்" என்று இரண்டு சொல்லோடு வைத்துவிடுவாள். அப்போது எனக்குப் பயம் பிடித்தது. வடகத்தையும் புளியையும் எடுக்க உள்ளே போனால், இவளும் அந்த வரிசையில் மூடி போட்டு வைத்த ஒரு சாமான் மாதிரி தெரிந்தாள்.

அந்த நேரத்தில்தான் அவளோடு காலேஜில் பாடின சிந்து என்கிற பெண் கூப்பிட்டாள். குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களுக்காக ஒரு லாட்ஜ் ஹாலில் சனி, ஞாயிறு பாட்டுக் கச்சேரி நடத்துகிறார்கள். சிந்து அதில் பாடுகிறாள். கிட்டார் வாசித்த பையன் துபாய் போய்விட்டான். வந்து வாசித்துக் காட்டினால் சேர்த்துக்கொள்வார்களாம். போனை வைத்துவிட்டுப் பவித்ரா என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நான் யோசித்திருப்பேன்.

"கோயிலுக்குப் போய்ட்டு வாரோம்" என்று நான் பூக்கூடையிடம் சொன்னேன். மேலே கடிகாரத்தின் பக்கமிருந்து, "சரி" என்று வந்தது. கிட்டாரைச் சேலையால் சுற்றி ஆட்டோவில் ஏற்றினோம். கோயிலுக்கு அவ்வளவு நீளச் சேலை யார் சாத்துகிறார்கள் என்று ஆட்டோக்காரர் கேட்கவில்லை, நல்ல மனுஷர்.

ஹால் அருவிக்குப் பக்கத்தில். ஒரு பக்கம் முழுக்கத் திறப்பு. ஒத்திகைக்கு முன்னால் மற்றவர்கள் வர நேரமாயிற்று. கிட்டார் பாதி நாள் அந்த ஈரக்காற்றில் சாய்ந்து நின்றது. நேப்பாள ஸ்வெட்டர் விற்கிறவர்கள், எண்ணெய் தேய்க்கிறவர்கள், நேந்திரங்காய் சிப்ஸ் வாசனை என்று நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டாரை யாரும் பார்க்கவில்லை.

அவள் வாசிக்க ஆரம்பித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. சுருதி எங்கேயோ, பாட்டு எங்கேயோ. கம்பி ஏறிப்போய் விரலுக்கு அடங்கவில்லை. பாதியில் நிறுத்தினாள். திருப்பிச் சுருதி கூட்டினாள். திருப்பி நிறுத்தினாள்.

"ஏ பவி, என்னட்டி ஆச்சு? நீதான வாசிக்க?" என்றாள் சிந்து.

"வீட்டுல நல்லா இருந்துச்சுட்டி. சத்தியமா நல்லா இருந்துச்சு."

குழு நடத்துகிற அண்ணாச்சி தபேலாவைத் தட்டிக்கொண்டு, "எல்லாரும் வீட்டுல நல்லாத்தான் பாப்பா வாசிக்கோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போயிற்று. அவர் உடனே தணிந்து, "எங்க சாமான்லாம் சீசன் பூரா இங்கனதான் கெடக்கும். தூக்கிட்டு அலைய மாட்டோம். சனிக்கிழமை வரைக்கும் பாக்கேன். கிட்டாரை இங்கன விட்டுட்டுப் போ, பழகிக்கிடும்" என்றார்.

"விட்டுட்டுப் போனா யாரு அண்ணாச்சி திருகுவா? துளித் துளியாத் திருகிட்டு, மரம் அசையறதுக்குக் காத்துக்கிடக்கணும். நான் கூட இருந்தாத்தான் முடியும்."

"அப்ப இரு. சிந்து ரூமுல இடம் இருக்கு. இல்லைன்னா வேற ஆளைப் பாக்கணும், எனக்கும் வேற வழியில்ல."

ஆட்டோவில் திரும்பி வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கிட்டாரை எடுத்துக்கொண்டு நேரே அரங்கு வீட்டுக்குப் போனாள். நான் குறுக்கே நின்றேன். "உள்ள கொண்டுபோவாத" என்றேன். "வேற எங்கன அத்தை போக?" என்றாள். அந்தக் கேள்வியை நான் அதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறேன், என் அம்மா வீட்டிலும் கேட்டிருக்கிறேன், இந்த வீட்டிலும் கேட்டிருக்கிறேன். வாய்விட்டுக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அவர் மாடிப்படி இறங்கி வந்தார். கடிகாரத்தைப் பார்த்து, "கோயில்ல கூட்டமோ, இம்புட்டு நேரம்?" என்றார்.

என் கையில் பூக்கூடை இருந்தது. அதைக் கீழே வைத்தேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு முன்பல் ஒன்று இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"அத்தான், நாங்க கோயிலுக்குப் போவல. குத்தாலம் போனோம். சனிக்கிழமை இவ அங்கன வாசிக்கப் போறா. அதுவரைக்கும் அங்கனயே இருக்கணும். நானும் கூடப் போறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அது ஒன்றும் சொல்லவில்லை. "என்னத்துக்கு அங்கன தங்கணும்?" என்று அதனிடமே கேட்டார்.

"அது மரம் அத்தான். எந்தக் காத்துல கெடக்கோ அந்தக் காத்துக்குத் தக்கனதான் நிக்கும். அரங்கு வீட்டுல வச்சிருந்தா அரங்கு வீட்டுலதான் வாசிக்கும். வெளிய வாசிக்காது."

 பிறகு முதன்முதலாக என்னை நேரே பார்த்து, "செல்வத்துக்குத் தெரியுமா?" என்றார்.

"சொல்லிட்டேன் பெரிய மாமா" என்று பின்னாலிருந்து பவித்ரா சத்தமாகச் சொன்னாள். எப்போது சொன்னாள் என்று எனக்கே தெரியாது. அந்த வீட்டில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவர் திரும்பி மாடி ஏறினார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நான் மாற்றுச் சேலை எடுக்கப் போனேன். 

சிந்து ரூமில் ஈரத் துண்டு வாசனை, எண்ணெய் வாசனை. பவித்ரா கிட்டாரைத் திறந்த சன்னலுக்குப் பக்கத்தில் மாட்டினாள். அதன் கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள், கடையில் கத்திரிக்காய் பார்க்கிற மாதிரி. சாவியால் ஒரு துளி. பிறகு காத்திருப்பாள். அவள் காத்திருந்த நேரத்தில் நாங்கள் அருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் கூட்டம் நெரிந்தது. இந்த முதுகில் அருவித் தண்ணீர் விழுந்து எத்தனையோ வருஷம். அடி என்றால் அடி, எண்ணெய்க்காரியிடம் காசு கொடுத்தாலும் அப்படி விழாது. பவித்ரா கத்தினாள். எல்லாப் பெண்களும் கத்திக்கொண்டிருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை வாசித்தாள். முதல் பாட்டு தொடங்கியதும் நான் காதைப் பொத்திக்கொண்டேன், உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும். தகரத்தில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி இருந்தது. மேடை விளக்குச் சூட்டில் சுருதி கொஞ்சம் இறங்கியது, அவள் பாட்டுக்கு நடுவிலேயே முறுக்கிக்கொண்டாள். பிறகு ஒரு பாட்டில் மற்ற எல்லோரும் நிறுத்த, இவள் மட்டும் தனியாக வாசித்தாள். அந்தக் கை போகிற போக்கு எனக்குத் தெரியும். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாரல் பூராவும் அந்த உரசலைக் கேட்டவள் நான். இதுதானா அது என்று இருந்தது. அழுகை மாதிரியும் இல்லை, சிரிப்பு மாதிரியும் இல்லை. யாரோ நெடுநேரம் அடக்கி வைத்ததை ஒரே மூச்சில் பேசுகிற மாதிரி இருந்தது. அண்ணாச்சி தபேலாவுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினார். அந்த சீசனும் அடுத்த சீசனும் அவள்தான் வாசித்தாள்.

அதன் பிறகு விசா வந்துவிட்டது.

மாடியில் இருந்தவர் அன்றைக்கு அப்புறம் என்னிடம் பேசவே இல்லை. என்னைப் பார்த்தும் பேசவில்லை, கடிகாரத்தைப் பார்த்தும் பேசவில்லை. போன தையில் போய்ச் சேர்ந்தார். கடைசி வரை கஞ்சி கொண்டுபோய் வைத்தது நான்தான். அரங்கு வீட்டை என் மூத்தவன் இடித்து டைல்ஸ் பதித்துக் குளியலறையாக்கிவிட்டான். குற்றாலத்து ஹாலில் இப்போது பெட்டியில் பாட்டுப் போடுகிறார்கள். குழு கலைந்துபோயிற்று. அண்ணாச்சி சுந்தரபாண்டியபுரத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார் என்று கேள்வி.

போன வாரம் குவைத்திலிருந்து பவித்ரா கூப்பிட்டாள். "சாவியைத் தொட்டே மாசக்கணக்காச்சு அத்தை. இங்க வருசம் பூரா ஏசி. சுருதி கூட்டினா கூட்டினபடி நிக்கு" என்றாள்.

"எங்கன வாசிக்க?"

"ரூமுலதான். காதுல மாட்டிக்கிட்டு. பக்கத்து வீட்டுல சத்தம் போடுவாங்கல்லா."

"சன்னலைத் தொறந்து வையேன்."

"தொறக்க மாட்டோம் அத்தை. மணல் வந்துரும், சூடு வேற."

"நீ எப்படி இருக்க?" என்றேன்.

"கிட்டார் நல்லா இருக்கு அத்தை" என்றாள்.

 "சாரலுக்கு வா" என்றேன். "கம்பி ஏறட்டும், துருப் பிடிக்கட்டும், எது கெட்டாலும் கெடட்டும். கிட்டாரைத் தூக்கிக்கிட்டு வா." அவள் பாக்கலாம் அத்தை என்றாள். லீவு கிடைக்காது என்றாள். செல்வத்துக்குத்தான் லீவு வேண்டும், அவளுக்கு என்ன லீவு என்பது போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்கு மட்டும் ஒரு பாஸ்போர்ட்டு இருந்திருந்தால், அங்கே போய் அந்த ரூம் வாசலிலும் குறுக்கே நின்றிருப்பேன்.

மூத்தவன் மகள் கார்த்திகா பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். எட்டாவது படிக்கிறாள். எழுதினதை அவள் கையில் கொடுத்து, "ஏட்டி, இதை மொதல்ல இருந்து படிச்சுக் காட்டு. எழுத்தைப் பாத்துச் சிரிக்கப்படாது. சரியா இருந்தா உங்க சித்திக்கும் போன் போட்டுப் படிக்கணும்" என்றேன். அவள் தாளை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய முணுமுணுவென்று ஆரம்பிக்கிறாள். இந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் படிக்கும்.

"என்னத்துக்கு இம்புட்டு மெதுவாப் படிக்க? மேல யாரும் இல்ல. சத்தமாப் படிட்டி."